பாட்டிக்கு ஒன்பது, பேத்திக்கு ஒன்று

எங்கள் வீட்டு அலமாரியில் 1962-இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பால்மரத் தோட்டத்து லயத்தின் முன்னால், பட்டணத்திலிருந்து சைக்கிளில் வந்த படக்காரர் எடுத்தது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தா பின்னால் விறைப்பாக நிற்கிறார். சுற்றிலும் ஆறு பிள்ளைகள். ஓரத்தில் சட்டையின் நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கும் பதினோரு வயதுப் பெண் என் அம்மா.

பாட்டி பெற்றது ஒன்பது. படத்தில் இல்லாத மூவரில் இருவர் பிறந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். இன்னொரு மாமா மூன்று வயதில் தட்டம்மைக்குப் பலியானார். யாராவது "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் பாட்டி கடைசிவரை "ஒன்பது" என்றுதான் சொல்வார். ஆறு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கடந்த தீபாவளிக்கு அம்மா வீட்டில் எல்லாரும் கூடினோம். வழக்கம்போலப் படம் எடுத்தோம். பெரியவர்கள் பதினேழு பேர், பிள்ளைகள் நான்கு பேர். முன்பெல்லாம் தரையில் ஒரு வரிசை பிள்ளைகள் சப்பணமிட்டு உட்கார்வார்கள். இந்த முறை அந்த வரிசையே இல்லை. மாறாக, முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம்.

உலக மக்கள்தொகை பற்றிய தடிமனான அறிக்கைகள் சொல்லும் கதை பெரும்பாலும் இந்த இரண்டு படங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

தொட்டில்கள் ஏன் குறைந்தன?

2022-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி உலக மக்கள்தொகை 8 பில்லியனைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அப்போது பலர் "இப்படியே பெருகினால் உலகம் தாங்குமா?" என்று கவலைப்பட்டார்கள். ஆனால் உலகில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பத்தாண்டுக்கும் மேலாகவே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1950-களில் உலகச் சராசரியாக ஒரு பெண் ஐந்து பிள்ளை பெற்றார். இப்போது இரண்டே கால். பிறகு ஏன் தொகை ஏறுகிறது? முன்பு பிறந்தவர்களும் அவர்கள் பெற்றவர்களும் உயிரோடு இருப்பதால்தான். இந்த நூற்றாண்டின் எண்பதுகளின் நடுவில் 10.3 பில்லியன் அளவில் உச்சம் தொட்டு, அதன் பிறகு தொகை மெல்ல இறங்கும் என்பது 2024-இல் வெளியான ஐ.நா. கணிப்பு.

பாட்டியின் கதையில் இதற்கான காரணம் இருக்கிறது. ஒன்பதில் மூன்று போகும் என்ற காலத்தில் ஒன்பது பெறுவது அறியாமையல்ல, அது ஒருவகைக் கணக்கு. மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அந்த எண் ஒற்றை இலக்கம். உலக அளவிலும் அப்படித்தான். 1990-இல் ஆயிரத்துக்கு 93 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2022-இல் அது 37. அந்த ஆண்டு மொத்தம் 4.9 மில்லியன் குழந்தைகள் இறந்தார்கள். இந்த எண்ணிக்கை 5 மில்லியனுக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை.

சுத்தமான குடிநீர், கழிவறை, மருத்துவச்சியின் இடத்தில் பயிற்சி பெற்ற தாதி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தடுப்பூசி. உலகச் சுகாதார நிறுவனம் 1974-இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டம் ஐம்பது ஆண்டுகளில் 154 மில்லியன் உயிர்களைக் காத்திருப்பதாக 2024-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு தட்டம்மைத் தடுப்பூசிக்கு உரியது. அது மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேருமுன் எங்கள் மாமா போய்விட்டார். இப்போது கைப்பேசியில் வரும் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் படித்த பெற்றோரைக் காணும்போது, பாட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். அவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய சொற்களை இங்கே அச்சிட முடியாது.

பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியதும் பெற்றோர் குறைவாகப் பெறத் தொடங்கினார்கள். பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், வேலைக்கும் போனார்கள். நம் நாட்டில் 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள். இப்போது இரண்டுக்கும் கீழே. இந்தியச் சமூகத்தில் அது ஒன்றைச் சற்றே தாண்டி நிற்கிறது. சிங்கப்பூரில் 2023-இல் 0.97, வரலாற்றிலேயே முதன்முறையாக ஒன்றுக்கும் கீழ். தென்கொரியாவில் அதே ஆண்டு 0.72. நம் தாத்தாமார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் 2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4 தான். மக்கள்தொகை அப்படியே நிலைக்க வேண்டுமானால் 2.1 வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆப்பிரிக்காவின் நைஜரில் மக்களில் பாதிப்பேர் பதினைந்து, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள். ஜப்பானில் பாதிப்பேர் ஏறத்தாழ 49 வயதைத் தாண்டியவர்கள். ஓரிடத்தில் பள்ளிக்கூடம் போதவில்லை, இன்னோரிடத்தில் பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள்.

பதின்ம வயது: நோயில்லாத ஆபத்து

ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்த பல ஆண்டுகள் உடல்ரீதியாக வாழ்க்கையின் பாதுகாப்பான காலம். அந்த வயதில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் கிருமிகள் அல்ல. உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளோர் இறப்பதற்கு முதல் காரணம் சாலை விபத்து. நம் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 15 முதல் 29 வயதுப் பிரிவில் தற்கொலை மூன்றாவது காரணமாக இருக்கிறது.

பதின்ம வயதினரிடம் 2022-இல் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. அதே ஆய்வில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருந்தார். "இந்த வயசுல உனக்கு என்ன கவலை?" என்று கேட்டு முடித்துவிடும் நம் பழக்கம் இந்த எண்களுக்குப் பதில் ஆகாது. எனக்கும் ஒரே மகள்தான். பதினான்கு வயது. கதவைச் சாத்திக்கொண்டால் தட்டலாமா, விடலாமா என்று நானும் வெளியே நின்று யோசிக்கிறவள்தான். அதனால் இதில் யாருக்கும் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஒல்லியானவனுக்கு இனிப்பு நீரா?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது உண்மையில் இந்தப் பகுதிதான்.

என் அக்கா மகனுக்கு 31 வயது. மென்பொருள் வேலை. பார்த்தால் ஒல்லி. எடை 64 கிலோ. ஒவ்வொரு குடும்ப நிகழ்ச்சியிலும் அத்தைமார் அவன் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்து, "எலும்பும் தோலுமா இருக்கியேப்பா" என்பார்கள். சென்ற ஆண்டு காப்புறுதி எடுக்கப் போனபோது ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். முடிவு வந்தது. இனிப்பு நீர். அதுவும் புதிதாக வந்ததல்ல, சில ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. முடிவு மாறிவிட்டது என்று அக்கா வேறொரு இடத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வைத்தார். அங்கேயும் அதே எண்.

2023-இன் தேசியச் சுகாதார, நோயியல் ஆய்வு இதைவிட அதிர்ச்சியான ஒன்றைச் சொல்கிறது. மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயதுக்குள் நீரிழிவு உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 84 விழுக்காட்டினருக்குத் தெரியாது. இந்தியர்களின் நிலை இன்னும் மோசம். 2019 ஆய்வில் நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் நம்முடையது, 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பெரிய இனங்களில் சராசரி ஆயுளும் நமக்குத்தான் குறைவு.

ஒல்லியானவனுக்கு ஏன் வருகிறது என்பதற்கு 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு புகைப்படம் நல்ல விளக்கம். பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் அது. இருவரின் உடல் எடைக் குறியீடும் ஒன்றுதான், 22.3. இருவரும் பார்வைக்கு ஒல்லி. ஆனால் அளந்து பார்த்தால் வெள்ளைக்காரர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2 விழுக்காடு. தராசு ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

இது கருவிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக்கின் குழுவினர் காட்டினார்கள். பூனா கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த இந்தியக் குழந்தைக்குத் தசையும் குறைவு, உறுப்புகளும் சிறியவை. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பசியைப் பார்த்த உடல் சேமிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. விடியற்காலையில் மரம் வெட்டப் போன தாத்தாவுக்கு அந்தச் சேமிப்பு உதவியது. குளிர்சாதன அறையில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து, காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்கு ஒரு தே தாரிக், நாலு மணிக்கு இன்னொன்று, இரவு பதினொரு மணிக்கு நண்பர்களோடு மாமாக் கடை என்று வாழும் பேரனுக்கு அதே சேமிப்பு வட்டியோடு திரும்பி வருகிறது.

அதனால்தான் ஆசியர்களுக்கு எடைக் குறியீடு 25 வரை போகலாம் என்று காத்திருக்கக் கூடாது, 23-லேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது. தராசைவிட எளிய கருவி ஒன்று தையல் பெட்டியில் இருக்கிறது. அளவு நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை உள்ளிழுத்து ஏமாற்றாமல் பிடியுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் ஒருமுறை ரத்தத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கேதான் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் நாட்டில் பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 40 வயதில் தொடங்குகிறது. பெர்க்கேசோ வழங்கும் பரிசோதனையும் 40 வயதுக்காரர்களுக்குத்தான். சிங்கப்பூர் 2023 ஜூலையில் தொடங்கிய ஆரோக்கியமான சிங்கப்பூர்த் திட்டம், குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள மக்களை அழைப்பதும் 40 வயதிலிருந்துதான். நல்ல திட்டங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நோய் இருபதுகளிலேயே வந்து கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இனிப்பு நீர் இருந்தால், கர்ப்பத்தின்போது உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருந்தால், நாற்பதுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு தே தாரிக்கின் விலைகூட இல்லை. என்ன, வரிசையில் அரைநாள் போகும். அதை மறைத்துச் சொல்லக் கூடாது.

கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. "பிள்ளை பிறந்ததும் போயிடும்" என்று சொல்லி அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண் இறங்குவது உண்மைதான். ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். பிள்ளைக்கும் அந்த ஆபத்து கூடுகிறது. மகப்பேற்றுக்குப் பிறகு ஆறு வாரத்தில் செய்ய வேண்டிய மறுபரிசோதனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம். ஒரு நாள் பாட்டியோ கணவரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் சொல்லிக் கொடுத்து, மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. எந்த ஆலோசனையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், இவர்களிடம் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. அமெரிக்காவில் செய்த இதேபோன்ற ஆய்வில் 58 விழுக்காடு குறைந்தது. நமக்குப் பலன் குறைவுதான், நம் உடல் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆனாலும் இந்த அளவு கிடைப்பதே சின்ன விஷயமில்லை. இத்தனைக்கும் அந்தச் சென்னைக்காரர்கள் செய்தது தினமும் அரைமணி நேரம் வேகமாக நடந்ததும், சோற்றையும் சீனியையும் எண்ணெயையும் குறைத்ததும்தான்.

கூடிய ஆண்டுகள் யாருடையவை?

இனி நாற்காலிக்காரர்களிடம் வருவோம்.

2018-இல் உலகில் ஒரு விநோதம் நடந்தது. 65 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை முந்தியது. மனித வரலாற்றில் அப்படி ஆனதே இல்லை. சிங்கப்பூரில் 2030-இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65-ஐத் தாண்டியிருப்பார். நம் நாடு அவ்வளவு வேகமில்லை என்றாலும், அதே 2030-இல் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 15 விழுக்காடாக இருப்பார்கள்.

ஆயுள் கூடியது நல்ல செய்திதான். ஆனால் கூடவே வரும் இன்னோர் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. 2019-இல் உலகச் சராசரி ஆயுள் 73 ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருந்தது. நலமாக வாழும் ஆண்டுகள் 64-க்கும் சற்றுக் குறைவு. இடையில் இருக்கும் ஒன்பதரை ஆண்டுகள் மருந்துப் பெட்டியோடும், சக்கர நாற்காலியோடும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸோடும் கழிபவை. முப்பது வயதில் கண்டுபிடிக்காமல் விட்ட சர்க்கரை இந்த ஒன்பதரை ஆண்டுகளைப் பன்னிரண்டாக்கும், பதினைந்தாக்கும்.

மறதிநோயும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. நம் நாட்டில் 2018 ஆய்வின்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று தெரிந்தது. "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 2024-இல் லான்செட் ஆணையம் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் மறதிநோய்களில் 45 விழுக்காடுவரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, புகை, தனிமை ஆகியவை அதில் இருப்பது ஆச்சரியமில்லை. காது மந்தம் இருப்பதுதான் பலருக்குத் தெரியாத ஒன்று. காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். பேச்சு இல்லாத மூளை சோம்பிப்போகிறது. கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காதுக்கருவி என்றால் மட்டும் ஏன் அப்படிக் கூசுகிறோம் என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. ஓராண்டாகவே தொலைக்காட்சிச் சத்தம் வாசல்வரை கேட்கிறது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். எனக்குப் பயம் மறதிநோயோ என்று. பரிசோதித்ததில் நினைவு சரியாகவே இருந்தது, காதுதான் மந்தம். கருவியின் விலையைக் கேட்டதும் அம்மா, "அந்தக் காசுக்கு உன் மக படிப்புக்குப் போடு" என்று எழுந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் பாட்டியின் ஒன்பதும் என் ஒன்றும் மோதிக்கொள்கின்றன. பாட்டி படுக்கையில் விழுந்தபோது ஆறு பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள். செலவையும் பங்கு போட்டார்கள். அம்மாவுக்கு நாங்கள் மூவர் இருக்கிறோம். எனக்கும் என் கணவருக்கும் ஒரு மகள். அவள் மணமுடிக்கப் போகிறவரும் ஒற்றைப் பிள்ளையாக இருந்தால், இரண்டு பேர் தலையில் நான்கு முதியவர்கள். அவள் எங்களைக் கைவிடமாட்டாள் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அன்பு இருந்தால் மட்டும் நேரமும் பணமும் கிடைத்துவிடாது. அதனால் நானும் என் கணவரும் சில காரியங்களில் இறங்கியிருக்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் மாலை நடை. சேமநிதிப் பணத்தை 55 வயதில் எடுத்து வீட்டுக்கு மாடி கட்டும் எண்ணத்தை விட்டாயிற்று. வீட்டுப் பத்திரம், காப்புறுதி, மருத்துவ முடிவுகள் பற்றி மகளுக்கு எதிரிலேயே பேசுகிறோம். முதலில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது, இப்போது குறுக்குக் கேள்வி கேட்கிறாள்.

தீபாவளியன்று படம் எடுத்து முடித்த பிறகு அக்கா மகன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தான். முதலில் தன்னை அளந்துகொண்டான். ஆறு மாதத்துக்கு முன் 92 இருந்தது, இப்போது 87. பிறகு மாமன்மாரைச் சுற்றி வந்தான். பெரிய மாமா 104. சின்ன மாமா மூச்சை இழுத்துப் பிடித்தும் 98. அத்தைமார் அடுப்படிக்குள் ஓடிவிட்டார்கள். நான் மாட்டிக்கொண்டேன். என் எண்ணை இங்கே சொல்லப் போவதில்லை.

கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "யாருக்குப்பா சிலுவார் தைக்கப் போற?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்பது அவருக்குக் கேட்கவில்லை. கருவி பொருத்த அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் வாங்கியிருந்ததை அப்போதுதான், காதருகே குனிந்து, அவரிடம் சொன்னேன்.